தீனித் தொட்டியை ருசி பார்த்தவள்

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கன்னியம்மாவின் மகன் போன் செய்து, "சித்தி, அம்மா காலையில போயிடுச்சி" என்றான். "கடைசியா இன்னாடா சாப்ட்டா?" என்று கேட்டுவிட்டேன். அவன் அழுகையோடு சிரித்தான். கன்னியம்மாவைத் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று புரியும். என் கணவரின் அண்ணன் மனைவி அவள்; நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எது எதைத் தின்கிறது, தின்றால் என்ன ஆகிறது என்பதுதான் ஆயுசுக்கும் அவள் கேள்வி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் பன்றி வளர்த்தோம். சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் பிள்ளைகள் படித்தது அதில்தான். அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. வாரா வாரம் பன்றியின் நெஞ்சைச் சுற்றிக் கயிறு பிடித்து முடிச்சுப் போடுவாள். தவிடு தின்ற வாரம் எவ்வளவு, கடலைப் புண்ணாக்கு தின்ற வாரம் எவ்வளவு என்று அந்தக் கயிற்றைப் பார்த்தே சொல்லுவாள். "வயிறு பெருத்தா வெறும் தீனிடி. நெஞ்சு பெருத்தாத்தான் எடை" என்பாள். ஐந்தாவது படித்த நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

பெண்ணுக்குச் சீராகப் பெட்டைக் குட்டி ஒன்று கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். என் குட்டி தேறவில்லை. "உங்க ஆத்தா வூட்ல பன்னி கேட்டா பெருச்சாளி குடுத்துட்டாங்க" என்று மாமியார் தெருவுக்கே கேட்கப் பேசுவார். பொறுக்க முடியாமல், சீக்கிரம் கொழுக்கட்டும் என்று கடற்கரையிலிருந்து கருவாட்டுத் தலை அள்ளிவந்து, யாருக்கும் தெரியாமல் இரண்டு நாள் கொட்டினேன். ஆசையாகத் தின்றது. மூன்றாம் நாள் காலையில் குருடு மாதிரி சுவரில் முட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது.

"காத்து கருப்பு அடிச்சிருக்கு. இழுத்துகினு போய் ஏரிக்கரையில வுடு" என்றார் மாமியார்.

"இன்னாடி போட்ட?" என்றாள் அக்கா.

"தவிடுதான் அக்கா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தொட்டியின் அடியை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்திருக்கும், துப்பினாள். "வெயில்ல காஞ்சிகீது அத்த, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பானையோடு உட்கார்ந்தாள். பானையை அப்படியே வைக்கவில்லை. கொட்டாங்குச்சியில் கொஞ்சம், பொறுத்து இன்னும் கொஞ்சம் என்று சாயங்காலம் வரைக்கும் ஊற்றினாள். "மொத்தமா குடிச்சா இன்னா ஆவும் அக்கா?" என்றேன். "தெரியாது. தெரியாதத இது மேல பாக்கக் கூடாது. உன் சீர்டி இது." மறுநாள் குட்டி நேராக நடந்தது.

அதோடு விட்டாளா? அடுத்த வாரம் அதே கருவாட்டுத் தலையை மூன்று தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, வேகவைத்து, தவிட்டில் ஒரு பிடி கலந்து, முதலில் தன் பன்றிக்கு வைத்தாள். பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. "உப்புதான தப்பு? தலை இன்னா பண்ணுச்சு? பாத்துடலாம்" என்றாள். அதற்கு ஒன்றும் ஆகாததைப் பார்த்து என் குட்டிக்கும் வைத்தாள். கயிற்றில் குட்டியின் முடிச்சு இரண்டு விரற்கடை நகர்ந்தது. மாமியார் வாயும் மூடிக்கொண்டது.

அந்தத் தலைகளை அவள் கடற்கரையிலிருந்து கொண்டுவரவில்லை. விறகுக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த கூடையிலிருந்துதான் எடுத்தாள். கடைசி வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இன்று என் மருமகள் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்தால், நான் எதுவும் கேட்பதில்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர்ச் செம்பை எடுக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு வந்த சொத்து அது.