நாகராஜ் கேரண்டி கொடுத்த கருவி

சைதாப்பேட்டை அஸ்மத்துன்னிசாவுக்குக் கை நடுங்குகிறது என்று ஒருத்தன் சொல்லிவிட்டான். சும்மா விடுவாளா அவள்?

அந்தக் கைதான் அவளுக்குச் சோறு. தி. நகரில் தாயம்மாவின் பிளவுஸ் கடைக்கு இருபது வருஷமாக ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறவள். கல்யாண பிளவுஸ் என்றால் தாயம்மா வேறு யாரையும் தொட விடமாட்டாள். அதே கையோடு ஒருநாள் பெசன்ட் நகர் கடற்கரையில் பலூன் சுடப் போய், பத்தையும் வரிசையாக உடைத்தாள். "போதும் தாயி, எடத்த காலி பண்ணு" என்று கடைக்காரன் கும்பிட்டான். அன்று பிடித்த பைத்தியம், அடையாறில் ஒரு துப்பாக்கி கிளப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. காற்றடைத்த ரைஃபிள், பத்து மீட்டர் தூரம், நெற்றிப்பொட்டு அளவு குறி. நாற்பத்தொரு வயதில் கிளப் அணிக்கே வந்துவிட்டாள்.

நாகராஜ் அந்த கிளப்பின் மெக்கானிக். தானும் சுடுகிறவன். அணித் தேர்வுக்கு முந்தின வாரம் அவள் ரைஃபிளைச் சர்வீஸ் செய்து கொடுத்தான். தேர்வன்று அவள் சுட்டதெல்லாம் சொதப்பல். "கை நடுங்குதும்மா உனக்கு. வயசாவுது இல்ல?" என்று எல்லார் எதிரிலும் சிரித்தான். அணியில் அவள் இடத்துக்கு அவனே வந்தான். அதோடாவது நிறுத்தினானா படுபாவி? வீட்டில் போய்ச் சொல்ல, அவன் பெண்டாட்டி அதைத் தாயம்மா கடைவரை கொண்டுபோனாள். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்றாள் தாயம்மா. அந்த முகூர்த்த மாதத்தில் ஒரு பிளவுஸ்கூட வரவில்லை.

தேர்வில் சுட்ட அட்டைகளை அவள் எறியவில்லை. எடுத்து வைத்துப் பார்த்தாள். கை நடுங்கினால் ஓட்டைகள் நாலாபுறமும் சிதற வேண்டும். இவையோ ஓட்டுத்தையல் போட்ட மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக நேரே இறங்கியிருந்தன. குண்டு ஒரு தடவை வேகமாகவும் ஒரு தடவை சோம்பலாகவும் போயிருக்கிறது. அப்படியென்றால் ரைஃபிளுக்குள் காற்றை அளந்துவிடும் இடத்தில்தான் கோளாறு. அங்கே கை வைத்தவன் யார்?

நிரூபிக்க, குண்டின் வேகத்தைக் காட்டும் குரோனோகிராஃப் வேண்டும். கணவன் உபைத் போனில் தேடித் தேடிக் காட்டினான். ஒன்று, மேலே பறக்கும் குண்டின் நிழலைப் பிடிப்பது. டியூப்லைட் வெளிச்சத்தில் அது உளறுமாம். இன்னொன்று பக்கத்தில் வைக்கிற ரேடார். சின்னக் குண்டைச் சில சமயம் கோட்டைவிடுமாம். மூன்றாவது, குழலின் முனையிலேயே மாட்டுவது.

"எத வாங்கினாலும் மிசினு சரியில்லன்னுதான் சொல்லுவான்" என்றான் உபைத்.

"அப்ப அவனே சொல்லட்டும், எது சரின்னு" என்றாள் அஸ்மத்.

மறுநாள் கிளப்பில் செயலாளர் புகழேந்தியை வைத்துக்கொண்டு குழைந்தாள். "நாகராஜண்ணே, கிளப்புக்கு ஒரு குரோனோ வாங்கித் தரலாம்னு கீறேன். எனக்கு இன்னா தெரியும்? நீங்களே ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க."

ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. "லைட்டுல வேல செய்றத வாங்காத. ரேடாரும் வேணாம். கொழாயில மாட்டுறதுதான். அது பொய்யே சொல்லாது. நான் கேரண்டி." புகழேந்தி தலையாட்டினார். அஸ்மத் அதையே வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. புதுக் கருவியைப் பார்க்கக் கிளப்பே கூடியிருந்தது. நாகராஜ் முதலில் தன் ரைஃபிளில் மாட்டிச் சுட்டான். நொடிக்கு 172 மீட்டர், 171, 172. "பார்த்தியா, எப்டி நிக்குதுன்னு?" என்று மீசையைத் தடவினான்.

அஸ்மத் தன் ரைஃபிளை மேஜைமேல் மணல் மூட்டையில் சாய்த்து வைத்தாள். "இதையும் நீங்களே சுடுங்கண்ணே. என் கை வேணாம். நடுங்கும்ல."

171. 158. 166. 149.

"மிசினு..." என்று ஆரம்பித்த நாகராஜ் பாதியில் முழுங்கினான். கேரண்டி கொடுத்த வாயாயிற்றே! புகழேந்தி இரண்டு ரைஃபிளையும் அங்கேயே பிரிக்கச் சொன்னார். காற்றை அளந்துவிடும் இடத்தில் போட அவளுக்கென்று கிளப் வரவழைத்த புது ரப்பர் சீல் நாகராஜின் ரைஃபிளுக்குள் பளபளத்தது. தேய்ந்துபோன பழசு அவளுடையதில்.

"சாயங்காலத்துக்குள்ள மாத்திடறேம்மா. பெரிசு பண்ணாத" என்றான் நாகராஜ், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"சீல கிளப்புல மாத்துவாங்க. நீங்க வண்டிய எடுங்க. தாயம்மா கடைக்கு."

கடையில் எட்டுப் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நாகராஜ் எல்லாவற்றையும் சொன்னான். தாயம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, உள்ளே போய் ஒரு கல்யாண பிளவுஸைக் கொண்டுவந்து அஸ்மத் மடியில் வைத்தாள். வந்த வேலை முடிந்தது என்று நாகராஜ் செருப்பைத் தேடினான்.

"இருங்கண்ணே." அஸ்மத் பெட்டியைத் திறந்து, மணி கோக்கிற ஊசியை எடுத்தாள். முடி மாதிரி ஊசி. கூடவே நூல். "இத மட்டும் கோத்துக் குடுத்துட்டுப் போங்க."

எட்டுப் பெண்களும் தையலை நிறுத்தினார்கள். ஒரு தடவை தப்பியது. மறுபடியும் தப்பியது. நூலை எச்சிலில் நனைத்தான். விரல் வெடவெடத்தது.

"இன்னாண்ணே, கை நடுங்குது?" என்றாள் அஸ்மத். "அவசரமில்ல. கோத்துட்டே போங்க."