உயிரோடு ஒரு செத்தவீடு

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகையில் மகள் சொன்னாள், "அம்மா, அழாதேங்கோ." மெல்பேர்னில் வேலை கிடைத்து அங்கேயே இருக்கப் போகிறாள். அந்தச் சொல் என்னைப் பிளேஸ்டோவில் நாங்கள் இருந்த பழைய வீட்டுக் குசினிக்குள் கொண்டுபோய் விட்டது.

எண்பதுகளின் கடைசி. சுவரெல்லாம் ஈரம், மண்ணெண்ணெய் ஹீற்றரின் மணம். பக்கத்து வீட்டு நோரா அன்ரி தேத்தண்ணி குடிக்க வருவார். அயர்லாந்துக்காரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வந்த பஞ்சகாலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய தன் பூட்டியின் தங்கையை வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். கப்பலேறிய பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எங்கேயும் பதிவில்லை.

ஒருநாள் அவர் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அவ வெளிக்கிடுறதுக்கு முதல்நாள் ஊர்ச்சனம் எல்லாம் கூடி அழுததாம். உயிரோடை இருக்கேக்கையே செத்தவீடு செய்வினமாம். போறவை இனித் திரும்பி வரமாட்டினம் எண்டு தெரியுமாம்."

அபசகுனம் என்று அம்மா ஏசுவார் என நினைத்தேன். அவர் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் வெளிக்கிடேக்க ஐயா வாசல் படலையடியில நிண்டவர். பயணம் போகேக்க அழக்கூடாதெண்டு எல்லாரும் என்னை அடக்கிப்போட்டினம்."

அந்த ஐயா, அம்மாவின் தகப்பன், முந்தின மாதம்தான் ஊரில் செத்துப்போயிருந்தார். அங்கே போர் நடந்ததால் அம்மாவால் போக முடியவில்லை.

"அண்டைக்கே அழுதிருக்கலாம்," என்றார்.

அதை ஆங்கிலத்தில் சொல்லாமல், நோரா அன்ரியின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.

விமான நிலையத்தில், பயணிகள் உள்ளே போகும் வாசலில் மகள் திரும்பிக் கையசைத்தாள். அவள் கண்முன்னே நிற்கும்போதே, சனம் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.