மொரப்பூர் வீட்டு மாடிக் கம்பி

இது நடந்தது. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே மூடி வைத்துவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருந்த மாதவராஜுக்கு நடந்தது. குடிப்பழக்கம் இல்லாதவர். சாமியாடி வீட்டுப் பக்கம்கூடத் தலைவைத்துப் படுக்காதவர். அவர் வாயால் சொல்ல, நான் மணி நிமிஷத்தோடு குறித்து வைத்துக்கொண்டது இது.

பேய் என்றால் அமாவாசை, பன்னிரண்டு மணி, நாய் ஊளை என்று காத்திருக்கும் ஆட்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பட்டப்பகல். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மணி மூன்று இருபது.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் மகள் தேவிப்பிரியா வீடியோ காலில் வந்தாள். அவள் கணவனுக்கு மொரப்பூர்ப் பக்கம் பள்ளிக்கூட வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னால் மாடி வீடு ஒன்று குறைந்த வாடகைக்குக் கிடைத்து, குடிபோய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டே வந்தவள், கடைசியில் பால்கனிக்குப் போனாள்.

"பாருங்கப்பா, காத்து எப்படி வருது! கம்பி கூட நீங்க செய்யற மாதிரியே வட்ட வட்டமா இருக்குது."

மாதவராஜ் பார்த்தார். செய்யற மாதிரி இல்லை. அவர் செய்ததேதான்.

போன வருஷம் தை மாதம். இதே வீட்டுக்கு, ஒரு மேஸ்திரி மூலம் வந்த வேலை. வீட்டுக்காரர் அருள்குமார், மனைவி கோகிலவாணி. கிரகப்பிரவேசத்துக்கு நல்ல நாள் திடீரென்று முன்னால் வந்துவிட்டது. ஒரே நாள்தான் இருந்தது. அவசரத்துக்கு வெல்டர்கள் எல்லோரும் செய்வதைத்தான் மாதவராஜும் செய்தார். கம்பி நிற்பதற்கு மட்டும் இணைப்புக்கு ஒரு பொட்டு வைத்தார். முழு வெல்டு இல்லை, வெறும் பொட்டு. "விசேஷம் முடியட்டும், வந்து முழுசா அடிச்சுத் தரேங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்று மாலையே பெயிண்டர் வந்து, பொட்டு மேல் பட்டி பூசி, வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டான். பார்க்க லட்சணமாக இருந்தது.

அந்தம்மா கோகிலவாணி இரண்டு தடவை போன் செய்தார். "அண்ணா, எப்ப வரீங்க?" இரண்டு தடவையும் நாளைக்கு என்றார் மாதவராஜ். அப்புறம் போன் வரவில்லை. அவரும் விட்டுவிட்டார். அப்பாடா என்று இருந்தது, அதையும் மறைக்காமல் என்னிடம் சொன்னார்.

இப்போது அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருடைய பேத்தி. இரண்டரை வயது.

"பிரியா, பாப்பாவ உள்ள தூக்கு. பால்கனிக் கதவத் தாப்பா போடு. நான் வர வரைக்கும் தெறக்காத."

"ஏம்ப்பா?"

"போடும்மான்னா போடு."

நான்தான் அரைகுறையாக விட்டேன் என்று மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

மறுநாள் சின்ன வெல்டிங் மிஷினை மொபெட்டில் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு நாற்பது. வீட்டில் கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலேயே நிறுத்திவிட்டார்கள், ஐந்து மணிக்குத்தான் வரும் என்றாள் மகள். கரண்ட் இல்லாமல் வெல்டர் என்ன செய்வான்? சோதித்தாவது வைப்போம் என்று பால்கனிக்குப் போனார்.

வரிசையாக மூன்று துண்டுகள். முதலில் கையால் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. மூன்றையும் ஆட்டினார். கல்லு மாதிரி நின்றன. சுத்தியலால் ஒவ்வொரு இணைப்பாகத் தட்டினார். டங்... டங்... டங்... நடுத் துண்டின் இடது பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. டப்.

பட்டியைச் சுரண்டினார். உள்ளே பொட்டு விட்டுப்போயிருந்தது. மேலே, நடுவே, கீழே, மூன்றுமே. வெறும் பட்டியும் பெயிண்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

மூன்று பதினைந்துக்கு ஒரு ரயில் போனது. கம்பி மெல்ல அதிர்ந்தது. தண்டவாளம் பக்கத்தில்தானே. ரயில் போய்விட்டது. சத்தம் அடங்கிவிட்டது.

கம்பி மட்டும் அதிர்ந்துகொண்டே இருந்தது.

கையை வைத்தார். நின்றது. எடுத்தார். மறுபடியும் தொடங்கியது. யாரோ அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு நடுங்குவது போல.

காத்து, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொடியில் தொங்கிய துணி ஒன்றுகூட ஆடவில்லை.

எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்துவிட வேண்டும். ஒரு கையால் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நடுத் துண்டின் மேல் காலை வைத்து உடம்பு எடையைக் கொடுத்தார்.

க்ரீ...ச்.

கதவு திறப்பது போல வெளிப்பக்கம் திறந்துகொண்டது. இடது பக்கம் மூன்றடி இடைவெளி. கீழே சிமெண்ட் தரை. அவருடைய கால் அந்தக் கம்பியோடு வெளியே போய்விட்டது. ஒற்றைக் காலில், ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் பின்னால் சத்தம் கேட்டது.

"தாத்தா..."

கதவைத் தாழ் போடாமல் வந்துவிட்டார். மகள் குளிக்கப் போயிருந்தாள். தூங்கி எழுந்த குழந்தை, சிரித்துக்கொண்டே ஓடி வந்தது. அவரைப் பார்த்து இல்லை. அந்த இடைவெளியைப் பார்த்து.

"பாப்பா! வராத! நில்லு! பிரியா... ஏய் பிரியா!"

கை எட்டவில்லை. ஜன்னல் கம்பியை விட்டால் அவர் விழுவார். விடாவிட்டால் குழந்தை. விட்டுவிடலாம் என்றே முடிவு செய்தார்.

மூன்று இருபது.

குழந்தை விளிம்பில் நின்றது.

நின்றதா... நிறுத்தப்பட்டதா... அதன் கவுன் முதுகுப் பக்கம் இழுபட்டு, விறைப்பாக இருந்தது. பிடித்திருந்த கை தெரியவில்லை. அப்படியே பின்னால் இழுத்துச் செல்லப்பட்டு, சுவர் ஓரம் உட்காரவைக்கப்பட்டது. அழவில்லை.

காலை எப்படியோ உள்ளே இழுத்துக்கொண்டார். திறந்த கம்பி தானாகத் திரும்பி வந்தது. மெதுவாக.

டக்.

இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. சுரண்டிய இடத்தில்கூட இடைவெளி தெரியவில்லை. ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"யாரு கண்ணு உன்ன இழுத்தது?"

"அத்தை" என்றது குழந்தை.

மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையைக் கையில் கொடுத்து, "அறைக்குள்ள போய்ப் பூட்டிக்க" என்றார். பேயோ பிசாசோ, காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. கும்பிட்டார். ஓடிப்போய்விடலாம் என்றும் தோன்றியது. ஆனால் எங்கே ஓடுவது? பேத்தி இந்த வீட்டில்தானே இருக்கிறாள். இன்றைக்கு யாரோ பிடித்தார்கள். நாளைக்கு? ஒரு பொட்டு மிச்சமில்லாமல் முழுசாக அடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த ஒன்றுதான் மனதில் இருந்தது.

நான்கு ஐம்பதுக்குக் கரண்ட் வந்தது.

வெல்டிங் ராடு மாட்டி, கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, முதல் இணைப்பில் ராடு நுனியை உரசித் தீ கிழித்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் உலகமே இருட்டு. நெருப்பு விழும் இடம் மட்டும் பச்சையாகத் தெரியும்.

அந்தப் பச்சை வெளிச்சத்தில் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

கண்ணாடியை இறக்கினார். வெயில். தெரு. யாருமில்லை.

மறுபடி தீ கிழித்தார். பாதங்கள். மெட்டி போட்ட, பெண்ணின் பாதங்கள். கம்பிக்கு அந்தப் பக்கம். அங்கே தரை கிடையாது.

ராடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கினார். கம்பியில் கவ்வியிருந்த எர்த் கிளிப் தானாகக் கழன்று விழுந்தது. மாட்டினார். விழுந்தது. மாட்டினார். மூன்றாம் தடவையும் விழுந்தது. வோல்டேஜ் இல்லை, கிளிப் பழசு, என்று முணுமுணுத்துக்கொண்டார். வியர்வை கண்ணில் இறங்கியது.

அடுத்த இணைப்புக்கு நகர்ந்தார். பாதங்களும் நகர்ந்தன.

எந்த இணைப்பில் வெல்டு வைக்கப் போகிறாரோ, அதற்கு நேராக. ஒவ்வொன்றிலும்.

எங்கே அடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுக்கிறாள். அப்படித்தான் நினைத்தார். "காட்டு தாயி... அடிச்சுடறேன்... எம் பேத்தியக் காப்பாத்துன..." என்று புலம்பிக்கொண்டே வைத்தார்.

ஐந்து நாற்பது. கடைசி இணைப்பு. நடுத் துண்டு, இடது பக்கம், மேலே.

தீ கிழித்தார்.

இணைப்பின் மேல் ஒரு கை இருந்தது.

வலது கை. கண்ணாடி வளையல். இணைப்பை முழுக்க மூடிக்கொண்டு...

நிறுத்த முடியவில்லை. ராடு ஓடிவிட்டது.

சத்தம் கேட்டது. அலறல் இல்லை. வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்ட சத்தம்.

கருகிய வாடை.

கண்ணாடியை இறக்கினார். யாருமில்லை. வெல்டு மட்டும் சிவந்து கிடந்தது. முழு வெல்டு. அருமையாக விழுந்திருந்தது.

கிரைண்டர் போட்டு வெல்டைத் தேய்த்து, சிவப்பு ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்து, கீழே இறங்கி மிஷினை மொபெட்டில் கட்டும்போது மணி ஆறு பத்து. எதிர்வீட்டு ஜாஸ்மின் டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பிய சரி பண்ணீங்களாண்ணா? ரொம்ப நல்லதுங்க. சின்னக் கொழந்த இருக்கற வூடு." கொஞ்சம் தயங்கினார். "உங்க பொண்ணுக்கு யாரும் சொல்லல போலருக்குது."

"என்னங்க?"

"போன ஆடியில அந்த வூட்டுக்காரம்மா அங்கருந்துதான் விழுந்துச்சு. கோகிலவாணின்னு. கண்ணாலம் ஆகி நாலு வருசம்தான். ஆர்.டி.ஓ. விசாரண எல்லாம் நடந்துச்சு. புருஷன் தள்ளிட்டான்னு கேஸு. அருள்குமாரு ஜெயில்ல இருக்காரு."

மாதவராஜ் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டு மொபெட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு ஒரே பேச்சா சொல்றாருங்க, துணி எடுக்கறப்ப கம்பி கதவாட்டம் தெறந்துக்கிச்சு, அப்புறம் மூடிக்கிச்சுன்னு. யாரு நம்புவா? போலீஸு வந்து ஆட்டிப் பாத்தாங்க. அசையவே இல்ல."

மொபெட்டைப் பிடித்தபடி அவர் மேலே பார்த்தார். சிவப்பு பெயிண்ட் இன்னும் காயவில்லை. எந்த இணைப்பிலும் ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. அவள் காட்டிக் கொடுக்கவில்லை. மறித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். புருஷன் தள்ளவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த விட்டுப்போன பொட்டுகள்தான். அவற்றை வைத்த கையாலேயே உருக்கி அழித்துவிட்டார்.

உட்கார்ந்து அழுதார். தெருவில், டீச்சர் முன்னால், வெட்கமில்லாமல்.

மறுநாளே தருமபுரியில் அருள்குமாரின் வக்கீல் கலைவாணனைத் தேடிப் போனார். எல்லாவற்றையும் சொன்னார், பொட்டு வைத்தது முதல். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? இப்ப கோர்ட்டு ஆள் வந்து பாத்தா என்ன இருக்கும்? புது வெல்டு. வச்சது நீங்க. குடியிருக்கறது உங்க பொண்ணு. நாமளே ஆள் வச்சு கம்பியில கை வச்சோம்னு சொல்வாங்க."

"சத்தியமா அந்தாளு தள்ளலீங்க சார்."

"எனக்குத் தெரியுது. ஆனா இதுக்கு என்ன பதில் சொல்றது?" வக்கீல் கேஸ் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கேஸிலேயே பெரிய ஆதாரம் அதுதான் என்றார். பிரேதப் பரிசோதனை அறிக்கை. விழுந்த அடி ஒருபக்கம் இருக்க, சாவதற்குச் சற்று முன்னால் ஏற்பட்ட இன்னொரு காயம். புருஷன் சூடு வைத்துவிட்டுத் தள்ளினான் என்று போலீஸ் சொல்வதற்கு அதுதான் காரணம். எப்படி வந்தது என்று தனக்குத் தெரியாது என்று அருள்குமார் அழுகிறாராம்.

வக்கீல் படித்துக் காட்டினார்.

வலது புறங்கை. குறுக்காக, இரண்டு அங்குல நீளம். தோலோடு உருகிய இரும்புத் துகள்கள்.

மாதவராஜ் தாளை வாங்கித் தேதியைப் பார்த்தார். போன வருஷம் ஆடி. அவர் அந்தக் கையின் மேல் தீ வைத்தது நேற்று.