கிராம்பு என்று சொன்ன கிளாஸ்

“...அதெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க தம்பி, எங்க வீட்டு மூக்கு இவதான். வைன் ஜாடியைத் திறந்து ஒரு தடவை மோந்தா போதும், இன்னைக்கு வடிகட்டலாமா, நாளைக்கா, சொல்லிடுவா” என்று என் நாத்தனார் மேசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

நந்தி மலை அடிவாரத்தில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு கூடம். எங்கள் முன்னால் மூன்று கிளாஸ் வைன். ஒரே ரகத் திராட்சை, ஒரே வருஷம், நிலம் மட்டும் வேறே. ஒன்று கல் நிறைந்த மேட்டுச் சரிவு, ஒன்று நடுவிலுள்ள செம்மண், ஒன்று கீழே ஏரிப் பக்கத்து ஈர மண். ருசி பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார். “மேல தண்ணி நிக்காது மேடம், கொடி கஷ்டப்படுது. அதான் பழம் சின்னது, ருசி ஜாஸ்தி. கீழ கொடி ஆராமா இருக்கு. அதான் பழமும் சோம்பேறி.”

சோம்பேறிப் பழம்! வேறொரு நாளாக இருந்தால் இதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, பெங்களூரில் எங்கள் ஆஸ்டின் டவுன் முழுக்கச் சொல்லியிருப்பேன். யார் வாயிலிருந்து நல்ல பேச்சு விழுந்தாலும் பொறுக்கிக்கொள்கிற ஆள் நான். அன்று அது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனையே தெரியவில்லை. மீன் பொரிவதும் ஒன்றுதான், சாம்பிராணியும் ஒன்றுதான். “வரலாம், வராமலும் போகலாம்” என்றார் டாக்டர். அழுகை வருமென்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் வைன் வீட்டிலேயே நானும் நாத்தனாரும் சேர்ந்து போடுவது. திராட்சையை மசிப்பதும் கிளறுவதும் நாத்தனார். எப்போது வடிகட்டுவது என்று மோந்து சொல்வது நான். முந்தினால் சர்க்கரைத் தண்ணீர், பிந்தினால் வினிகர். ஜாடி வாயில் துணி கட்டி வைத்தாயிற்று. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அதிலிருந்துதான் பாட்டில் போகும். அந்த வாரத்துக்குள் நான் ஒரு நாளைச் சொல்லியாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனாரின் மகள், அம்மாவும் அத்தையும் போய் வரட்டும் என்று இந்தத் தோட்டத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள்.

முதல் கிளாஸில் தப்பித்தேன். பக்கத்தில் இருந்த பெண் மிளகு என்றாள், நானும் மிளகு என்றேன். இரண்டாவதில் நாத்தனார் காப்பாற்றினார். ருசி பார்த்த வைனைத் துப்புவதற்கு வைத்திருந்த பாத்திரத்தைப் பார்த்து, “துப்பிட்டுப் போறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?” என்று கேட்க, எல்லோரும் சிரித்த சிரிப்பில் என் முறை போய்விட்டது.

மூன்றாவதை என்னிடமே நீட்டினார் அந்தக் கன்னடக்காரர். மோந்தேன். கண்ணாடியின் குளிர்ச்சி மூக்கில் பட்டது. ஒரு வாய் குடித்தேன். நாக்கில் ஈரம், கொஞ்சம் புளிப்பு. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“கிராம்பு” என்றேன். “கிராம்பு நல்லா தூக்கலா இருக்கு.”

“ஹவுதா? அப்படியா?” அவர் தயங்கினார். “நாங்க ஒண்ணும் சேக்கறதில்ல மேடம். வெறும் திராட்சை. இதுல அந்த வாசனை வராதே.”

வீட்டில் நாங்கள் கிராம்பும் பட்டையும் தட்டிப் போடுவோம். வைன் என்றால் கிராம்பு என்று பழகிய வாய், மூக்கைக் கேட்காமலே பேசிவிட்டது. யாரோ சிரித்தார்கள். வெட்கப்பட வேண்டிய இடம்தான். நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

நாத்தனார் சிரிக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து, “ஏய், போன வாரம் பால் தீஞ்சப்ப நீ அடுப்புகிட்டதானே நின்னுட்டிருந்த?” என்றார்.

“ஆமாக்கா.”

“எப்பலேர்ந்து?”

“காய்ச்சல்லேர்ந்து.”

“அப்ப ஜாடி?”

“என்னால சொல்ல முடியாதுக்கா.”

ஏன்டி மறைச்சே என்று கேட்பார், திட்டுவார் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்கவில்லை. மூன்று கிளாஸையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேட்டுச் சரிவு வைனில் மூக்கு நனைகிற அளவுக்கு முகத்தைக் கவிழ்த்து, கண்ணை மூடி மோந்தார். ஒரு மடக்கு குடித்தார்.

“தம்பி, எப்படி மோந்து பாக்கறதுன்னு திரும்ப முதல்லேர்ந்து சொல்லுங்க. மெதுவா” என்று சொல்லிவிட்டு, செம்மண் கிளாஸைக் கையில் எடுத்தார்.