அம்மா நேர்ந்துகொண்ட முடி

எனக்குப் பிடிவாதம் அதிகம். அம்மா இதை இப்போது பெருமையாகச் சொல்கிறாள். நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். அப்போது ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நான் பையன். நான் பெண் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வாய்விட்டுச் சொல்லத் துணிச்சல் இல்லாததால் முடியை வளர்த்தேன். காதை மூடி, பின்கழுத்தைத் தொடும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது. ஸ்ரீரங்கத்து வீட்டுக் கண்ணாடியில் தினமும் என்னால் வெறுப்பில்லாமல் பார்க்க முடிந்த ஒரே இடம் அதுதான்.

ஒரு திங்கட்கிழமை, பிரேயர் முடிந்ததும் பி.டி. மாஸ்டர் என்னை முன்னால் கூப்பிட்டார். ஒழுங்கு என்றால் என்ன என்று எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார். பிறகு கத்தரியை எடுத்து, பின்னந்தலையில் கோணல்மாணலாக வெட்டிவிட்டு, போய் சலூனில் சரிசெய்துகொள் என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை, தீர்த்துக்கொள்ளவும் உத்தேசம் இல்லை.

அதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். ஏற்கெனவே பையன்கள் கழிப்பறைக்குள் நுழையப் பயந்து பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியவள், இப்போது சாப்பாட்டையும் விட்டேன். எனக்கு நன்றாக வந்த கணக்குகூட ஒட்டவில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பகலெல்லாம் தூங்கினேன், ஆனால் எழுந்தால் தூங்கின மாதிரியே இருக்காது.

அம்மா என்ன செய்தாள் தெரியுமா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனியாகச் சமயபுரம் போய், "என் பிள்ளை பழையபடி எழுந்து நடமாடட்டும் ஆத்தா, அவன் தலைமுடியை மொத்தமா இறக்குறேன்" என்று வேண்டிக்கொண்டு வந்தாள். குங்குமத்தை என் நெற்றியில் வைத்துக்கொண்டே அதைச் சொன்னாள். போன முடிக்காக அழுதுகொண்டிருந்தவளிடம் இருக்கிற முடியையும் கேட்டால் என்ன சொல்வது? எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சில நாள் கழித்து, அவள் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றேன். "காலையில எந்திரிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்மா" என்றேன். அம்மா அடுப்பை அணைத்தாள். புடவைகூட மாற்றாமல் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் புத்தூரில் ஒரு மனநல டாக்டரிடம் போனாள். அதற்காக மட்டும் அவளுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் நன்றி சொல்வேன்.

டாக்டரம்மா முதலில் என்னிடம் தனியாகப் பேசினார். சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா என்று நேராகவே கேட்டார். ஆமாம் என்றேன். நான் பெண் என்பதையும் அன்றுதான் முதன்முதலாக வாயால் சொன்னேன். சொன்னால் கூரை இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். மின்விசிறி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் சம்மதத்தோடு அம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

"எப்போலேருந்து சாப்பாடு இறங்கலைங்க?" என்று அம்மாவைக் கேட்டார்.

"முடி வெட்டுன நாள்லேருந்துங்க" என்றாள் அம்மா. தான் சொன்னதை அவளே காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"இவங்க பொண்ணா உணர்றது நோய் இல்லம்மா. அதை மறைச்சு மறைச்சு, கேலிக்குப் பயந்து பயந்து இருந்ததுலதான் மனசு இப்படி ஒடிஞ்சிருக்கு. ஒடிஞ்சதுக்கு வைத்தியம் இருக்கு" என்றார் டாக்டரம்மா. அம்மா தலையாட்டினாள்.

மாத்திரை, வாரா வாரம் டாக்டரிடம் பேச்சு. டாக்டரம்மா பள்ளிக்கூடத்தில் பேசியதில் கத்தரி நின்றது, ஸ்டாஃப் ரூம் பக்கத்துக் கழிப்பறைச் சாவி என் கைக்கு வந்தது. தண்ணீர் குடித்தேன். சோறு இறங்கியது. கணக்கு திரும்பி வந்தது. முடியும் மறுபடி கழுத்தைத் தொட்டது.

நான் தேறியதுதான் வினையாகப் போனது. வேண்டுதல் பலித்துவிட்டதே! துபாயிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ காலில் வரும் அப்பா, முதலில் பார்ப்பது என் தலையைத்தான். "மொட்டையைப் போடு, மிச்சமும் சரியாயிடும்" என்றார். என்ன மிச்சம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சமயபுரத்துக்குக் கிளம்பினோம். நான் ஒரு முடிவோடுதான் போனேன். தலையில் கத்தி வைத்தால் எழுந்து போய்விடுவது, திரும்ப வீட்டுப் படி ஏறுவதில்லை. எங்கே போவேன் என்று தெரியாது. ஆனால் பழைய இருட்டுக்குள் இன்னொரு தடவை போகமாட்டேன் என்பது மட்டும் தெரியும்.

பஸ் கொள்ளிடப் பாலம் ஏறியபோது ஆரம்பித்தேன். "மொட்டை போட்டுக்க மாட்டேம்மா."

"ஆத்தாகிட்ட சொன்ன வார்த்தைடா. மீறி உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"மீற வேண்டாம். பூமுடி குடுக்கிறேன்."

எங்கள் பக்கம் மொட்டை போட்டுக்கொள்ளாத பெண்கள் முடியில் மூன்று விரற்கடை மட்டும் வெட்டிக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். அதுதான் பூமுடி. நான் பிறந்ததற்கு அம்மாவே அப்படிக் கொடுத்திருக்கிறாள்.

"அது பொம்பளைங்க குடுக்கிறது."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் விடவில்லை. "எப்போலேருந்து சாப்பிடலைன்னு டாக்டர் கேட்டாங்க. நீ என்ன சொன்னே, யோசிச்சுப் பாரு." இறங்கும்வரை அவள் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது, தூசியாகவும் இருக்கலாம்.

முடி காணிக்கை மண்டபத்தில் ஈரத் தரை முழுக்க முடி. மொட்டையடித்த குழந்தைகள் தலையில் சந்தனத்தோடு வீறிட்டன. முடி இறக்குபவர் கத்தியில் புது பிளேடை மாட்டிக்கொண்டே, "உட்காரு தம்பி, மொட்டைதானே?" என்றார். நான் நின்றேன். அம்மாவைப் பார்த்தேன். அவள் கோபுரம் இருந்த திக்கைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டாள்.

"பூமுடிங்க" என்றாள்.

"தம்பிக்கா?"

"வெட்டுங்க. ஆத்தாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கத்தரியை எடுத்தார். உட்கார்ந்தேன். மூன்று விரல் வைத்து அளந்து வெட்டினார். அதே கத்தரிச் சத்தம்தான். ஆனால் இந்தத் தடவை நான் கொடுத்தேன். அம்மா அந்த முடியைக் கையில் வாங்கிக் காணிக்கை உண்டியலில் போட்டாள்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். "மொட்டை போட்டாச்சா? காட்டு."

நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். அம்மா என் தோளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, போனை என் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"பொம்பளப் பிள்ளைக்கு எப்படிக் குடுக்கணுமோ, அப்படிக் குடுத்தாச்சுங்க."

அம்மா போனைக் கீழே இறக்கவில்லை.