நாங்கள் துடைத்து வைத்த முட்டைகள்

ஆமை முட்டைக்கு ஓடு கிடையாது, தோல்தான். கையில் எடுத்தால் எலுமிச்சம்பழ அளவில், கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். விரல் பட்ட இடம் லேசாகக் குழியும்போது எங்கே கிழிந்துவிடுமோ என்று பிடியைத் தளர்த்தத் தோன்றும். பத்து வயதில் ஒரு மாசி மகத்தன்று அப்படி நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கி, ஈரத்துண்டால் துடைத்து அப்பாவிடம் நீட்டியவள் நான்.

காஞ்சிபுரத்துக்காரிக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் அம்மாவும் அதையேதான் கேட்டாள். அப்பாவைப் பிடித்த அந்தக் கிறுக்குக்கு ஒரு காரணம் இருந்தது. நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் வாடகை வீட்டில் இருந்த பட்டு நெசவுக் குடும்பம். எங்கள் தறிக்குத் தரையில் ஒரு குழி வேண்டும். நெய்கிறவர் அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் மிதிபலகையை மிதிக்க முடியும். "தறிக்குழி" என்போம். வாடகை வீட்டில் குழி வெட்ட விடுவார்கள், ஆனால் காலி செய்யும்போது மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, இடித்துக் கெட்டிப்படுத்தி, குழி இருந்த சுவடே தெரியாமல் மெழுகிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கு விவரம் தெரிந்து அப்பா மூன்று குழிகளை மூடியிருக்கிறார். மூன்றாவதை மூடிய அன்று சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "எவனும் வந்து மூடுன்னு சொல்ல முடியாத குழி ஒண்ணு வேணும்டி எனக்கு" என்று அம்மாவிடம் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தோல்பையும் கையுமாக ஒருவன் எங்கள் தெருவுக்கு வந்து, கடலோரத்தில் "பிளாட்டு" போடுவதாக வண்ணத்தாளை விரித்துக் காட்டினான். ஊருக்குள் ஒரு முழம் மண் வாங்க வக்கில்லாதவர்களுக்கு அது பெரிய ஆசைதானே! அம்மாவின் சங்கிலி அதோடு போயிற்று. எங்கள் மனை கடைசி வரிசை, அதற்கப்புறம் கடல்தான் என்று அவன் அதை ஒரு பெருமையாகச் சொன்னான். "உப்புக் காத்துல ஜரிகை கறுத்துப் பூடும், அங்க போயி இன்னாத்த நெய்யப் போற?" என்றாள் அம்மா. "ஜன்னல சாத்திக்கினு நெய்வேன், போடி" என்றார் அப்பா.

அந்த மாசி மகத்துக்குத் தெருவே கடலாடக் கிளம்பியபோது, மண்வெட்டியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நாங்கள் மூவரும் கிளம்பினோம், தம்பி அப்போது பிறக்கவில்லை. குளித்து முடித்ததும் கூட்டத்திலிருந்து பிரிந்து, மணலில் நெடுந்தூரம் நடந்து எங்கள் எல்லைக்கல்லைக் கண்டுபிடித்தோம். மற்றவர்கள் வீடு கட்ட வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள். எங்களவர்கள் தறிக்கு இடம் குறித்த பிறகுதான் சுவரைப் பற்றிப் பேசுவார்கள். அப்பா மணலில் உட்கார்ந்து, காலை நீட்டி, காலை வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து துணியில் விழும் என்று இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு வெட்ட ஆரம்பித்தார். "வீடு இல்ல, வாசல் இல்ல, குழி மட்டும் வெட்டிக்கினு கீறாரு பாரு" என்று அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஒன்றரை அடிகூடப் போயிருக்காது, முட்டைகள் தெரிந்தன. "ஐயோ, வாயில்லாத ஜீவன்! மூடுய்யா" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்படியே மூடியிருக்கலாம். ஆனால் மறுவாரம் மண்ணைச் சமன் செய்ய இயந்திரம் வரும் என்று அந்தத் தோல்பைக்காரன் சொல்லியிருந்ததால், இங்கே விட்டால் அத்தனையும் நசுங்கிப் போகும் என்று பயந்து, தள்ளி இருந்த சவுக்குத் தோப்பின் ஓரத்தில் வேறொரு குழி வெட்டினார் அப்பா. அப்புறம்தான் எங்கள் வீட்டு வளர்ப்பு வேலையைக் காட்டியது. பட்டில் கை வைக்கும் முன் கையைக் கழுவாவிட்டால் எங்கள் வீட்டில் அடி விழும். அழுக்கோடு எதுவும் தறிக்குப் போகக் கூடாது, எதுவும் கோணலாக இருக்கக் கூடாது. குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் மூவரும் கை கழுவினோம். துண்டை நனைத்து, ஒவ்வொரு முட்டையையும் மணல் போகத் துடைத்து, புதுக்குழியில் வரிசை வரிசையாக அடுக்கினோம். முட்டைகளின் மேல்பக்கத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. "இது இன்னாப்பா, வெள்ளையா கீது?" என்று கேட்டேன். "பூஞ்சக்காளான்மா, நல்லா தொட" என்றார். திருப்பித் திருப்பி அழுத்தித் துடைத்தேன், போகவில்லை.

இயந்திரம் வந்தது, ஆனால் வேலை நடக்கவில்லை. பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் குறுக்கே படுத்துக்கொண்டார்கள். வழக்கு வருடக்கணக்கில் நடந்து, கடைசியில் அந்தக் கரை முழுவதும் அரசாங்கப் பாதுகாப்புக்குள் போய்விட்டது. தோல்பைக்காரன் போன இடம் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் குப்பத்து ஜனங்களைத் திட்டாத நாள் இல்லை. நானும் திட்டியிருக்கிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்பாவுக்கு மிஞ்சியது முட்டைக் கதை ஒன்றுதான். அதை அவர் சொல்லாத ஆள் கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, காபி ஆறிக்கொண்டிருக்க, அரை மணி நேரம் சொன்னார். "நெலம் போனா போவுது. நூறு உசுரு என் கையால கடலுக்குப் போச்சு" என்று முடிப்பார். ஏமாந்த மனுஷன் என்று ஊர் சொல்லாமல் இருக்க அந்தக் கதை ஒன்றுதான் அவருக்குத் துணை.

இப்போது தம்பி செவிலிமேட்டில் சொந்தமாக வீடு கட்டி இரண்டு தறி போட்டிருக்கிறான். அம்மா போன பிறகும் அப்பா அங்கே அரைநாள் நெய்கிறார். அந்தக் கரையை இயற்கைப் பூங்காவாக்கி ஜனங்களை உள்ளே விடுகிறார்கள் என்று கைபேசியில் பார்த்ததும் எனக்குத்தான் கை பரபரத்தது. "வாப்பா, உன் புள்ளைங்க போன எடத்தப் பாத்துட்டு வரலாம்" என்று இந்த மாசியில் நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

மரப்பலகைப் பாதை, தாழம்புதர், மணலெல்லாம் அடப்பங்கொடி. சுற்றிக் காட்டிய பெண் அந்தக் குப்பத்துக்காரி. "எங்கம்மா இந்த எடத்துலதான் மிஷினுக்கு முன்னாடி படுத்துக்கினாங்க" என்று அவள் காட்டியபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முட்டைகளைப் பாதுகாக்கும் வலைக்கொட்டகை வந்ததும், தன் கதையைச் சொல்ல அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். அதற்குள் அவள் ஒரு பொம்மை முட்டையை எடுத்துக்கொண்டாள்.

"மேல வெள்ளப் புள்ளி தெரியுதா? குஞ்சு அங்கதான் ஒட்டிக்கினு இருக்கும். புள்ளி வந்த முட்டைய எடுத்தா எடுத்தபடியே வெக்கணும். தொடைக்கக் கூடாது, பொரட்டக் கூடாது. பொரட்டிட்டா உள்ளயே செத்துடும்."

அப்பாவின் கை இறங்கியது. அவள் அதைக் கவனித்துவிட்டாள். "இன்னாமோ சொல்ல வந்தீங்களே, ஐயா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லமா. குடிக்கத் தண்ணி எங்க இருக்குதுன்னு கேக்கலாம்னு."

பஸ் செங்கல்பட்டைத் தாண்டியதும் நான்தான் பேச்செடுத்தேன். "மொத நாள் ராத்திரிதான் ஆமை போட்டிருந்துச்சுன்னா பொரட்டுனாலும் ஒண்ணும் ஆவாதாம்பா. நீ தண்ணி குடிக்கப் போனப்ப அந்தப் பொண்ணு சொல்லிச்சு" என்றேன்.

ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, "புள்ளி இருந்துதேமா" என்றார். "நீதான காட்டுன."

அந்த மனை எங்களுக்குக் கிடைக்காமல் போனது நல்லதுதான் என்று இன்று முழுமனதோடு சொல்வேன். எங்களைப் போன்றவர்களின் மதில்சுவர் எழும்பியிருந்தால் அந்தக் கரைக்கு ஓர் ஆமைகூட வந்திருக்காது. கரை பிழைத்தது, ஆமையும் வருகிறது. எங்கள் எல்லைக்கல் போய்விட்டது, அது போகட்டும். அதோடு அப்பாவின் கதையும் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம், பாவி நான். போன வாரம் தம்பி வீட்டுக்கு யாரோ வந்திருந்தார்கள். தம்பி மகள் வழக்கம்போல, "தாத்தா, நீ ஆமைய காப்பாத்துன கதைய சொல்லு" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் தறியில் குறுக்கே நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்து, நூல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, "அது வேற யாரோ செஞ்சதுமா" என்றார்.