‘கடைசி ஆள் யாரு?’ என்று கேட்டவர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். நேற்று நடந்ததே இப்போதெல்லாம் மறந்துபோகிறது. “அத்த, அப்பாவோட நினைவு மலருக்கு நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்க” என்று அண்ணன் மகன் தாளும் பேனாவும் வைத்துவிட்டுப் போனான். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோபமாக எழுதுவதற்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

அண்ணன் பிறந்தது முதலியார்பேட்டையில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் எங்கள் அப்பாவுக்கு ஒரு சர்க்கார் ஆபீஸ் வாசலில் சேவகர் வேலை. காகிதம் எழுதி வாங்க வருகிறவர்கள் அப்பாவுக்கு முன்னால்தான் வரிசையாக நிற்பார்கள். பூசணிக்காயோ வாழைத்தாரோ கொண்டுவந்தவர்களை அப்பா முதலில் உள்ளே விட்டுவிடுவார். வீட்டில் அந்தப் பூசணிக்காயில் குழம்பு வைத்தால், அண்ணன் வெறும் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, “அது வேற யாரோட மொறையோ” என்றார். அப்போது அவருக்குப் பத்து வயது இருக்கும். நான் தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். அவர் அப்படி ஆனதும் நான் இப்படி ஆனதும் அங்கேயே தொடங்கிவிட்டது.

பிறகு மில்லில் வேலை, கல்யாணம், ஒரே மகன். அண்ணி தவறிய பிறகு, தனியாக இருந்த என்னையும் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். பால் பூத்தோ ரேஷன் கடையோ, எங்கே போனாலும் அண்ணன் கேட்கிற முதல் கேள்வி, “கடசி ஆளு யாருங்க?” கை தூக்குகிறவருக்குப் பின்னால் போய் நிற்பார். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்துவிட்டால், தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் கடைசிக்குப் போவார். இதைப் பார்த்து எல்லோரும் சிரித்தீர்கள். “மாமா சுடுகாட்டுக்குப் போனாலும் கடசி ஆளு யாருன்னுதான் கேப்பாரு” என்று ஒரு கல்யாணப் பந்தியில் ஒருவர் சொன்னார். அவரே இந்த மலரில் ‘பொறுமையின் சிகரம்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் வீட்டுக் கரண்ட் பில் கட்டவும் சிலிண்டருக்குப் பதியவும் அண்ணனை நிற்கவைத்ததும் சிரித்த நீங்கள்தான்.

போன ஆவணியில் ஒரு நாள் காலை, நெஞ்சை அடைக்கிறது என்றார். மகன் வேலைக்குப் போய்விட்டான். செல்போனில் கிடைக்கவில்லை. நான்தான் ஆட்டோவில் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கேயும் நுழைந்ததும் கேட்டார், “கடசி ஆளு யாருங்க?” சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். வியர்வையில் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. நாற்பது பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீராம்பட்டினத்திலிருந்து மீன் விற்க வருகிற அம்மா ஒருவர், காலில் கட்டோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் ஒருவர்தான் எழுந்துவந்து தன் சீட்டை நீட்டினார்.

“ஐயா, என்னுது அடுத்த நம்பரு. நீங்க போங்க.”

“வேணாம்மா. கால்ல கட்டோட இருக்க. என் மொற வரட்டும்.”

“மொறையாவது ஒண்ணாவது. எப்படி ஊத்துது பாருங்க.”

“வெயிலும்மா” என்று சிரித்தார் அண்ணன்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “கூட வந்தவங்க நீங்கதான? வாயில என்னா கொழுக்கட்டையா? நர்ஸம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க.”

நர்ஸின் மேஜை பத்தடி தூரத்தில் இருந்தது. எழுந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் தாண்டினாலும், நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வருகிறவள் நான். அறுபது வருஷமாக மூடிப் பழகிய வாய் அன்றைக்கும் திறக்கவில்லை.

கடைசியில் அந்த அம்மாவே நொண்டிக்கொண்டு போய்ச் சொன்னார். நர்ஸ் ஓடிவந்தபோது அண்ணன் என் தோளில் சாய்ந்திருந்தார். சீட்டு கையிலேயே இருந்தது. “எவ்ளோ நேரமா ஒக்காந்திருக்கீங்க?” என்று டாக்டர் கேட்டார். அதற்கும் அந்த அம்மாதான் பதில் சொன்னார்.

அண்ணன் அங்கேயே போய்விட்டது விதி என்று மலரின் முதல் பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். விதி இல்லை. நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம், அதில் நானும் ஒருத்தி. அண்ணன் மேலும் எனக்குக் கோபம்தான். ஊருக்கெல்லாம் இடம் விட்டவருக்கு, ஒருவர் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளத் தெரியாமல் போய்விட்டது.

காரியம் முடியும் வரை பதினாறு நாளும் கூட இருந்தவர்களுக்கு அண்ணன் மகன் நன்றி எழுதுவான். என் நன்றி அந்த மீன்கார அம்மாவுக்கு. பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

சீட்டு நம்பர் நாற்பத்தொன்றா நாற்பத்தேழா, உட்கார்ந்திருந்தது ஒரு மணி நேரமா அதற்கும் மேலா, எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வீராம்பட்டினம் பக்கம் போகிறவர்கள் அந்த அம்மாவைத் தேடிக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். நான் எழுந்து மறுபடியும் உட்கார்ந்ததையும் அவர் சொல்வார். அதை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.